கைதட்டியவர்கள் வாங்குவதில்லை

2025 ஜனவரியில் கலிபோர்னியாவின் மாலிபு பகுதியில் காட்டுத் தீ புகுந்து, கடலோரக் குன்றுகளில் இருந்த வீடுகளை வரிசையாகச் சாம்பலாக்கிவிட்டுப் போனது. அடுத்த சில நாட்களில் செய்தி நிறுவனப் புகைப்படக்காரர் ஒருவர் எடுத்த படம் உலகம் முழுக்கச் சுற்றியது. கரிந்த சுவர்களும் உருகிய இரும்பும் கிடந்த இடத்தில், நீலமும் வெள்ளையுமாக ஒரு பழைய ஃபோக்ஸ்வேகன் வேன் நின்றுகொண்டிருந்தது. 1977ஆம் வருடத்து வண்டி. படத்தில் தெரிந்த பக்கம் கிட்டத்தட்ட முழுசாக இருந்தது. எல்லாவற்றையும் பறிகொடுத்திருந்தவர்கள் அந்தப் படத்தைப் பார்த்து ஆறுதல் அடைந்தார்கள். ஃபோக்ஸ்வேகனின் அமெரிக்கக் கிளை அந்த வண்டியைப் பழுது பார்த்துத் தரும் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. விளம்பரம் என்று பார்த்தால் கோடி டாலர் கொடுத்தாலும் கிடைக்காத விளம்பரம்.

அதே ஆண்டு டிசம்பரில் அதே அமெரிக்கக் கிளை இன்னொரு செய்தி சொன்னது. அந்தப் பழைய வேனின் முகச்சாயலில் தயாரான 'ஐ.டி. பஸ்' என்ற மின்சார வேன், 2026ஆம் ஆண்டு மாடலாக அமெரிக்காவுக்கு வராது. விற்காமல் நிற்பவை விற்று முடியட்டும், அடுத்த மாடலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது அதன் பொருள். தாத்தாவின் படத்துக்கு மாலை, பேரனுக்கு வாசலில் காத்திருப்பு.

இந்த நிறுவனத்துக்கு இது புதிதல்ல. இருபது ஆண்டுகளுக்கு முன்பு, 2005ல், இதே வேனின் இன்னொரு மறுபிறப்பை அது கருவிலேயே கைவிட்டது. அந்த முடிவு ரசிகர்களை நோகடித்தது. கணக்கர்களை நிம்மதியாகத் தூங்க வைத்தது. யார் பக்கம் நியாயம் என்று தீர்மானிக்க, முதலில் அந்த வண்டி எதற்காகப் பிறந்தது என்று பார்க்க வேண்டும். அழகுக்காகப் பிறக்கவில்லை என்பது நிச்சயம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து, ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க் ஆலை பிரிட்டிஷ் ராணுவத்தின் பொறுப்பில் இருந்த காலம். ஆலைக்குள் உதிரி பாகங்களை ஏற்றிச் செல்ல, பீட்டில் காரின் அடிச்சட்டத்தின் மேல் பலகை அடித்து ஒரு வண்டியை ஒப்பேற்றியிருந்தார்கள். பின்னால் ஓட்டுநர், முன்னால் சரக்கு. நெதர்லாந்திலிருந்து வந்த பென் பொன் என்ற வியாபாரியின் கண்ணில் அது பட்டது. தன் நாட்டில் அதை விற்க ஆசைப்பட்டார். ஓட்டுநர் முன்னால் உட்கார வேண்டும் என்று சொல்லி அந்நாட்டு அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். சரி, ஓட்டுநரை முன்னால் உட்கார வைப்போம் என்று 1947 ஏப்ரல் 23 அன்று தன் நோட்டுப் புத்தகத்தில் ஒரு படம் கிறுக்கினார். ஒரு பெட்டி, கீழே இரண்டு சக்கரம், பின்னால் எஞ்சின், 750 கிலோ என்று ஒரு எண். அவ்வளவுதான்.

1950 மார்ச்சில் அந்தப் பெட்டி தொடர் உற்பத்திக்கு வந்தது. எஞ்சின் பீட்டிலுடையது, 25 குதிரை சக்தி. வண்டியின் எடை சுமார் ஒரு டன். அது முக்கால் டன் சுமக்கும். ஓட்டுநர் முன் சக்கரங்களுக்கு மேலேயே உட்கார்ந்தார். எஞ்சின் பின்னால் ஒதுங்கிக்கொண்டது. நடுவில் இருந்த இடம் முழுவதும் சரக்குக்கும் மனிதர்களுக்கும். முன்கண்ணாடியின் கீழ் 'வி' போல இறங்கும் அந்தப் பிரபலமான முகம்கூட ஒப்பனை அல்ல. பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் காற்றுக் குழாய்ச் சோதனை செய்தபோது, தட்டையான பெட்டியைக் காற்று எதிர்த்துத் தள்ளுவது தெரிந்தது. முகத்தை வளைத்தார்கள், எதிர்ப்பு வெகுவாகக் குறைந்தது. 25 குதிரைகளை வைத்துக்கொண்டு காற்றோடு மல்லுக்கு நிற்க முடியாது என்ற ஏழ்மைதான் அந்த முகத்தைச் செதுக்கியது.

வாங்கியவர்களும் ரசிகர்கள் அல்ல. ரொட்டிக் கடைக்காரர், குழாய் ரிப்பேர்க்காரர், தபால் துறை, ஆம்புலன்ஸ், தீயணைப்புப் படை என்று வேலைக்கு வண்டி தேவைப்பட்டவர்கள். தேவை பெருகியதால் 1956ல் ஹனோவரில் இதற்கென்றே ஒரு தனி ஆலை எழுந்தது.

அமெரிக்காவுக்குப் போன பிறகுதான் வண்டிக்கு வேறு பெயர் கிடைத்தது. அதில் கோழிக்கும் ஒரு பங்கு உண்டு. 1960களின் தொடக்கத்தில் மலிவான அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு ஐரோப்பிய நாடுகள் வரி போட்டன. பதிலடியாக அதிபர் லிண்டன் ஜான்சன், 1964 தொடக்கத்திலிருந்து இறக்குமதியாகும் சிறு லாரிகளுக்கும் சரக்கு வேன்களுக்கும் 25 சதவீத வரி விதித்தார். 'கோழி வரி' என்றே இன்றுவரை அதற்குப் பெயர். சரக்கு வேன் அமெரிக்கச் சந்தையில் அடிபட்டது. ஜன்னலும் இருக்கையும் வைத்த பயணிகள் வேன் தப்பியது. இரண்டாயிரத்துச் சொச்சம் டாலரில் ஏழெட்டுப் பேர் போகக்கூடிய வாகனம் வேறு எது இருந்தது? பிள்ளைகள் நிறைந்த குடும்பங்கள் வாங்கின. பிறகு அது பழைய வண்டியாகி இன்னும் மலிந்தபோது, கையில் காசில்லாத இளைஞர்கள் வாங்கினார்கள். பூப்போட்ட வர்ணமும் சமாதானச் சின்னமும் அப்போது ஏறியவைதான். அந்த வேன்களில் ஏறி இஸ்தான்புல், டெஹ்ரான், காபூல் வழியாக டெல்லிக்கும் கோவாவுக்கும் வந்து சேர்ந்த வெள்ளைக்கார இளைஞர்களை அந்நாளைய இந்தியர்கள் வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். 1979ல் ஈரானில் புரட்சியும் ஆப்கானிஸ்தானில் சோவியத் படையும் அந்தப் பாதையை மூடின.

ஆனால் ஹிப்பிகள் மட்டுமே அந்த வண்டியின் வரலாறு அல்ல. தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவில் ஈசா ஜென்கின்ஸ் என்ற கறுப்பினத் தலைவர், தீவின் பிள்ளைகளைப் பள்ளிக்கும் தொழிலாளர்களைச் சார்ல்ஸ்டன் நகரத்துக்கும் வண்டி வைத்து அழைத்துப் போனவர். ஓட்டுரிமை பெறப் படிக்கவும் எழுதவும் கற்றுத்தந்தவர்களில் ஒருவர். அவரிடம் இருந்தது ஒரு 1960களின் ஃபோக்ஸ்வேகன் வேன். அன்புதான் முன்னேற்றம், வெறுப்புக்குச் செலவு அதிகம் என்ற பொருளில் அவர் எழுதி வைத்த வாசகத்தோடு அதன் தகடுகள் இன்று வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்த வண்டி அருங்காட்சியகத்துக்குப் போனது அதன் முகவெட்டுக்காக அல்ல, அது செய்த வேலைக்காக.

இந்தப் பின்னணியில் 2001 ஜனவரிக்கு வருவோம். டெட்ராய்ட் மோட்டார் கண்காட்சியில் ஃபோக்ஸ்வேகன் 'மைக்ரோபஸ்' என்ற மாதிரி வண்டியை மேடையேற்றியது. கலிபோர்னியாவில் இருந்த அதன் வடிவமைப்பு மையத்தின் கைவண்ணம். பழைய சாயல் கொஞ்சமும், விண்கல சாயல் கொஞ்சமும் கலந்த முகம். சக்கரங்கள் 20 அங்குலம். ஆறு சிலிண்டர் எஞ்சின், 231 குதிரை சக்தி. தாத்தாவைவிட ஒன்பது மடங்குக்கும் மேல். எஞ்சின் பின்னால் அல்ல, முன்னால். அரங்கம் கைதட்டியது. பத்திரிகைகள் உருகின.

நிறுவனம் உற்சாகப்படக் காரணம் இருந்தது. 1994ல் இதே டெட்ராய்ட்டில் காட்டிய ஒரு மாதிரி வண்டிக்கு விழுந்த கைதட்டலை நம்பித்தான் 1998ல் 'நியூ பீட்டில்' காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1999ல் அமெரிக்காவில் மட்டும் 80 ஆயிரத்துக்கு மேல் விற்றது. கிரைஸ்லரின் பி.டி. குரூசர், பி.எம்.டபிள்யூவின் மினி, ஃபோர்டின் தண்டர்பேர்ட் என்று பழைய முகங்களுக்கு மவுசு ஏறிய காலம். மைக்ரோபஸ்சையும் ஹனோவரில் தயாரித்து விற்பது என்று முடிவானது.

அங்கேதான் சிக்கல் தொடங்கியது. நியூ பீட்டில் தயாரானது மெக்சிகோவின் பியூப்லா ஆலையில். கூலி குறைவு, அமெரிக்கா பக்கம். கோல்ஃப் காரின் அடித்தளத்தையே அது பயன்படுத்திக்கொண்டது. மைக்ரோபஸ் தயாராக வேண்டியது ஜெர்மனியில். கூலி அதிகம், நடுவே அட்லாண்டிக். முக்கியமாக விற்க வேண்டியது அமெரிக்காவில், டாலரில். செலவு செய்ய வேண்டியது யூரோவில்.

2001 ஜனவரியில் ஒரு யூரோவின் மதிப்பு ஒரு டாலருக்கும் குறைவு. 2004 இறுதியில் அது 1.35 டாலரைத் தாண்டியது. ஒரு உதாரணக் கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். ஒரு வேனைத் தயாரிக்க 20 ஆயிரம் யூரோ ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கைதட்டல் விழுந்த அன்று அது 19 ஆயிரம் டாலர். நான்கு வருடம் கழித்து, ஆலையில் ஒரு திருகாணியைக்கூட மாற்றாமல், அதே வேன் 27 ஆயிரம் டாலர். வாடிக்கையாளர் இதற்காக ஒரு சென்ட் கூடுதலாகத் தர மாட்டார். அவருக்கு வேண்டியது வேன். நாணயச் சந்தை அல்ல.

இதற்கிடையில் பழைய முகங்களின் மவுசும் இறங்கத் தொடங்கியது. ஆசைப்பட்டவர்கள் முதல் இரண்டு வருடத்தில் வாங்கிவிடுகிறார்கள். மூன்றாம் வருடம் வர வேண்டியவர்கள் வருவதில்லை. நியூ பீட்டில் விற்பனை சரிந்தது. 2002 மாடலாக மீண்டும் பிறந்த தண்டர்பேர்ட் 2005ல் மூச்சை விட்டது. ஃபோக்ஸ்வேகனின் அமெரிக்க வியாபாரத்திலோ நஷ்டம் ஏறிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு கார் பிரிவின் தலைமைக்கு வந்தார் வோல்ஃப்காங் பெர்ன்ஹார்ட். கிரைஸ்லரில் செலவைக் குறைத்துப் பெயர் வாங்கிவிட்டு வந்தவர். 2005 மே மாதம் மைக்ரோபஸ் திட்டத்துக்கு மூடுவிழா நடந்தது. பதிலுக்குச் செலவு குறைந்த வேறு ஒன்றைப் பார்க்கலாம் என்றார்கள்.

கணக்குப்படி அது சரியான முடிவு. கைதட்டியவர்களில் எத்தனை பேர் காசோலை எழுதுவார்கள் என்ற கேள்வியை யாராவது ஒருவர் கேட்டுத்தான் ஆக வேண்டும். பழைய வேனை நேசித்தவர்களில் பெரும்பாலோர் அதை இருபது வயதில், மூன்றாம் கையாக, சில நூறு டாலருக்கு வாங்கியவர்கள். ஐம்பது வயதில் அவர்கள் நினைத்துப் பார்த்தது வண்டியை அல்ல, தங்கள் இருபது வயதை. அதை எந்த ஆலையும் தயாரிப்பதில்லை.

ஆனால் கைவிடுவதற்கும் ஒரு செலவு உண்டு. யூரோவேன் என்ற பழைய மாடல் 2003ல் அமெரிக்காவிலிருந்து விடைபெற்றிருந்தது. மைக்ரோபஸ்சும் இல்லை என்றதும், வேனுக்குப் பெயர்போன நிறுவனத்திடம் அந்தச் சந்தையில் விற்க வேனே இல்லை. செலவு குறைந்த மாற்று வந்தது 2008ல். ரூட்டன் என்ற பெயரில், கிரைஸ்லரின் மினிவேனுக்குத் தன் சின்னத்தைப் பொருத்தி, கனடாவில் இருந்த கிரைஸ்லர் ஆலையிலேயே செய்து விற்றார்கள். விலை கட்டுப்படியானது, கணக்கும் நேரானது. வாங்கத்தான் ஆளில்லை. சில ஆண்டுகளில் அதுவும் போய்ச் சேர்ந்தது. முகம் மட்டும் இருந்து விலை ஒத்துவராத வேன் ஒன்று, விலை ஒத்துவந்து முகம் இரவல் வாங்கிய வேன் ஒன்று. இரண்டும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள்.

நோய் என்ன என்பது பிரேசிலைப் பார்த்தால் தெரியும். அங்கே இந்த வேனுக்குப் பெயர் 'கோம்பி'. சாவ் பாலோவை அடுத்த சாவ் பெர்னார்டோ ஆலையில் 1957 செப்டம்பரில் உற்பத்தி தொடங்கியது. ஜெர்மனி அடுத்தடுத்த மாடல்களுக்குத் தாவிய பிறகும் பிரேசில் பழையதையே செய்துகொண்டிருந்தது. யாரும் அதைப் பழம்பெருமை என்று நினைக்கவில்லை. காய்கறிச் சந்தைக்கு மூட்டை ஏற்ற, பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போக, தெருவோரம் நிறுத்திப் பலகாரம் விற்க அதைவிட மலிவான வண்டி கிடையாது. ஜெர்மனியில் மைக்ரோபஸ்சை மூடிய அதே 2005ஆம் ஆண்டு டிசம்பரில், புகை விதிகள் கடுமையானதால், பிரேசில் ஆலை கோம்பியின் காற்றால் குளிரும் எஞ்சினை எடுத்துவிட்டுத் தண்ணீரால் குளிரும் 1.4 லிட்டர் எஞ்சினை வைத்தது. பெட்ரோலிலும் ஓடும், கரும்பு எத்தனாலிலும் ஓடும். ஒரே நிறுவனம், ஒரே வருடம். ஒரு கண்டத்தில் பழைய வேனின் நகலுக்கு ஆள் இல்லை. இன்னொரு கண்டத்தில் அசலுக்கு எஞ்சின் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

கோம்பியை நிறுத்தியது சந்தை அல்ல, சட்டம். 2014 முதல் எல்லாப் புதிய கார்களிலும் காற்றுப்பையும், பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாத ஏற்பாடும் கட்டாயம் என்றது பிரேசில். ஓட்டுநரின் முழங்காலுக்கும் எதிரே வரும் லாரிக்கும் நடுவே ஒரு தகடு மட்டுமே உள்ள வண்டியில் அதையெல்லாம் எங்கே பொருத்துவது? வேலை போகுமே என்று தொழிலாளர் பக்கமிருந்து குரல் எழுந்தது. கோம்பிக்கு மட்டும் விலக்கு தரலாமா என்ற யோசனைகூட அரசுக்குள் அடிபட்டது. எடுபடவில்லை. 15 லட்சத்துக்கு மேல் உருண்டோடிய பிறகு 2013 டிசம்பரில் உற்பத்தி நின்றது. இந்தியர்களுக்கு இது தெரிந்த கதைதான். 1984ல் வந்து பிறகு ஆம்னி என்று பெயர் மாறிய மாருதி வேனும் அப்படித்தான், புதிய பாதுகாப்பு விதிகளுக்கு அதன் தட்டை மூக்கு ஒத்துவராமல் 2019ல் விடைபெற்றது. இரண்டு முடிவுகளும் சரியே. மலிவு என்பதற்காக ஓட்டுநரின் காலைப் பணயம் வைக்க முடியாது. ஆனால் அந்த இடத்தை நிரப்ப வந்த எதுவும் அந்த விலைக்கு வரவில்லை என்பதும் உண்மை.

ஃபோக்ஸ்வேகன் மட்டும் தன் பழைய கனவை விடவில்லை. 2011ல் ஜெனீவா கண்காட்சியில் ஒரு மாதிரி வண்டி, 2017ல் மறுபடி டெட்ராய்ட்டில் ஒன்று என்று மேடையேற்றியது. ஒவ்வொரு முறையும் கைதட்டல். கடைசியில் மின்சாரம் கைகொடுத்தது. மோட்டார் சிறியது, பின்சக்கரத்துக்கு அருகே ஒதுங்கிக்கொள்ளும். பேட்டரி தரைக்கு அடியில் படுத்துக்கொள்ளும். மூக்கைக் குட்டையாக வைத்தும் விபத்துச் சோதனையில் தேறலாம். 1950ல் ஏழ்மை சொல்லிக்கொடுத்த அமைப்பைத் தொழில்நுட்பம் சுற்றிவந்து மீண்டும் பிடித்தது. 2022ல் ஹனோவர் ஆலையிலிருந்து ஐ.டி. பஸ் வெளியே வந்தது. அமெரிக்காவில் விற்பனைக்கு வர 2024 இறுதி ஆயிற்று. முதல் மைக்ரோபஸ்சுக்குக் கைதட்டிய நாளிலிருந்து ஏறக்குறைய 24 வருடம். இருபத்தைந்து வயதில் கைதட்டியவருக்கு அப்போது ஐம்பது நெருங்கியிருக்கும்.

விலை சுமார் 60 ஆயிரம் டாலரில் தொடங்கியது. 1960களின் இரண்டாயிரத்துச் சொச்சத்தை இன்றைய பணத்துக்கு மாற்றினால் 25 ஆயிரம் டாலரைத் தொடாது. எடை இரண்டரை டன்னுக்கு மேல். ஒருமுறை சார்ஜ் செய்தால் அமெரிக்க அரசின் கணக்குப்படி 234 மைல், அதாவது 375 கிலோமீட்டர் போலப் போகும். நாடு விட்டு நாடு போனதற்காகக் கொண்டாடப்பட்ட வண்டியின் வாரிசுக்கு இது போதாது என்று பலர் முகம் சுளித்தார்கள். 2025ல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டிவந்தது. கோளாறு என்னவென்றால், மூன்றாம் வரிசை இருக்கை அளவுக்கு மீறி அகலம். இரண்டு பேருக்குத்தான் பெல்ட் இருந்தது. இடமோ மூன்று பேர் உட்காரத் தோதாக இருந்தது. நெருக்கி உட்கார்ந்து போவதற்கே பேர்போன குடும்பத்தில் பிறந்த வண்டிக்கு இப்படி ஒரு சோதனை.

மற்றவை 2001ன் மறுபதிப்பு. தயாராவது அதே ஹனோவர். அன்று யூரோ ஏறியது. 2025 ஏப்ரலில் இறக்குமதிக் கார்களுக்கு அமெரிக்கா 25 சதவீதம் கூடுதல் வரி போட்டது. பிற்பாடு ஐரோப்பியக் கார்களுக்கு மொத்த வரி 15 சதவீதம் என்று இறங்கினாலும், காயம் காயம்தான். மின்சாரக் கார்களுக்கு அமெரிக்க அரசு தந்துவந்த 7,500 டாலர் வரையிலான சலுகையும் செப்டம்பர் 30ஓடு தீர்ந்தது. டிசம்பர் அறிவிப்பு யாருக்கும் ஆச்சரியம் தரவில்லை. ஐரோப்பாவில் வண்டியை நிறுத்தவில்லை. அங்கே கூரியர்காரர்களும் கடைக்காரர்களும் வாங்கும் சரக்கு வடிவமும் அதற்கு உண்டு.

இந்த எழுபத்தைந்து வருடக் கதையில் நிறுவனம் ஒரே தவறைத்தான் திரும்பத் திரும்பச் செய்கிறது. ஜனங்களின் பிரியம் அந்த வேனின் முகத்தில் இருக்கிறது என்று அது நம்புகிறது. பிரியம் முகத்தில் இல்லை. ரொட்டிக்காரருக்கும் பிள்ளைக் கூட்டத்துக்கும் ஜான்ஸ் தீவுக்காரருக்கும் சாவ் பாலோவின் காய்கறி வியாபாரிக்கும் கட்டுப்படியாகும் விலையில் நிறைய இடம் தந்தது அந்த வண்டி. அது அசல். முகத்தின் மேல் பிறகு வந்த பிரியம் அதற்குச் சேர்ந்த வட்டி. அசலைப் போடாமல் வட்டியை மட்டும் வசூலிக்கப் பார்ப்பதால்தான் ஒவ்வொரு முறையும் மேடையில் கைதட்டலும் கணக்கில் துண்டும் விழுகின்றன.

2005ல் மைக்ரோபஸ்சைக் கைவிட்டவர்கள் தவறு செய்யவில்லை. கைவிட்ட கையோடு, அந்த முகம் இல்லாவிட்டாலும் அந்த விலையில் ஒரு வேன் செய்ய முடியுமா என்று கேட்டிருந்தால் அது முழுமையான முடிவாக இருந்திருக்கும். ஏழெட்டுப் பேர் ஏறக்கூடிய, காற்றுப்பை வைத்த, 25 ஆயிரம் டாலர் வண்டி ஒன்று எங்கிருந்தாவது வரலாம். ஜெர்மனியிலிருந்தே வரும் என்ற கட்டாயமில்லை. பார்க்க அது வெறும் தகரப் பெட்டியாக இருக்கலாம், யாரும் கைதட்டாமலும் போகலாம். பென் பொன்னின் நோட்டுப் புத்தகத்தில் இருந்ததும் ஒரு பெட்டிதான்.